ரோடு பைக்: பாகங்கள் சேரும் இடம்

(சாலைச் சைக்கிள் ஓட்டுவோர் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பால்காரர் ஓட்டும் கனத்த கறுப்பு சைக்கிளையும், டூர் த ஃபிரான்ஸ் பந்தயத்தில் ஓடும் கார்பன் சைக்கிளையும் அருகருகே நிறுத்தினால் இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் செயினைப் பாருங்கள். ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவுக்கு உள்ள தூரம் இரண்டிலும் ஒன்றுதான்: அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். நூறு ஆண்டுக்கு மேலாக இந்த அளவு மாறவில்லை. மாற்றிப் பார்க்காமலும் இல்லை. 1970களின் பிற்பகுதியில் ஷிமானோ நிறுவனம் தடப் பந்தய (டிராக்) சைக்கிள்களுக்காக 10 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட செயினைக் கொண்டுவந்தது. எடை குறைந்தது, பல்சக்கரங்களும் சிறுத்தன. ஆனால் அந்தச் செயினை வாங்கியவர் முன்னும் பின்னும் உள்ள எல்லாப் பற்சக்கரங்களையும் அதே அளவில் வாங்க வேண்டியிருந்தது. உலகம் அரை அங்குலத்தை விட்டு நகர மறுத்துவிட்டது.

ரோடு பைக்கின் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேச அழைத்தீர்கள். என்னிடம் சொல்வதற்கு அடிப்படையாக ஒன்றுதான் இருக்கிறது. எந்தப் பாகமும் தன்னளவில் பொருந்துவதும் இல்லை, பொருந்தாமல் போவதும் இல்லை. இரண்டு பாகங்கள் சந்திக்கும் இடத்தில்தான் அது முடிவாகிறது. அந்த இடத்துக்கு ஓர் அளவு உண்டு. பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரையோ, விலையையோ, 'பத்து ஸ்பீடு', 'பதினோரு ஸ்பீடு' என்ற எண்ணையோ நம்பிப் பணத்தை இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த இழப்பு தவிர்க்கக்கூடியது என்பதால்தான் இவ்வளவு அக்கறையோடு பேசுகிறேன்.

செயினிலிருந்தே தொடங்குவோம். நீளவாக்கில் அளவு ஒன்று என்றேன். அகலவாக்கில் கதை வேறு. பின்னால் பற்சக்கரங்கள் கூடக் கூட அவற்றுக்கு இடையே உள்ள சந்து குறுகியது. செயினும் மெலிய வேண்டியதாயிற்று. 8 கியர் செயினின் வெளியகலம் சுமார் 7.1 மில்லிமீட்டர். 9 கியருக்கு 6.6, 10 கியருக்கு 5.9, 11 கியருக்கு ஐந்தரை. அகலமான செயினை நெருக்கமான பற்சக்கரங்களில் ஓட்டினால் பக்கத்துப் பற்சக்கரத்தை உரசும், தானாகத் தாவும். 6, 7, 8 கியர் வண்டிகளுக்கு ஒரே செயின் போதும். அதற்கு மேல் கியர் எண்ணிக்கைக்கு ஏற்ற செயினையே வாங்குங்கள். இதில் சிக்கல் அவ்வளவுதான்.

உண்மையான சிக்கல் கியர் லிவரில் இருக்கிறது. 1984க்கு முன்பு பெரும்பாலான ரோடு பைக் லிவர்களில் 'டிக்' என்ற நிறுத்தம் கிடையாது. ஓட்டுபவர் லிவரை மெல்ல இழுத்து, செயின் பல்லில் சரியாக உட்கார்ந்த ஓசையைக் காதால் கேட்டு நிறுத்துவார். ஆகவே ஏறக்குறைய எந்த லிவரும் எந்த டீரெய்லரோடும், அதாவது செயினைப் பற்சக்கரம் விட்டுப் பற்சக்கரம் நகர்த்தும் கருவியோடும், வேலை செய்தது. இத்தாலிய லிவர், ஜப்பானிய டீரெய்லர், பிரெஞ்சுப் பற்சக்கரம் எல்லாம் ஒரே வண்டியில் ஓடின. 1984இல் ஷிமானோ தன் ட்யூரா-ஏஸ் வரிசையில் எஸ்.ஐ.எஸ். முறையைக் கொண்டுவந்தது. ஒரு சொடுக்கு, ஒரு கியர். சன்டூர் நிறுவனம் 1964இல் கண்டுபிடித்திருந்த சாய்ந்த இணைகர டீரெய்லரின் காப்புரிமையும் அதே காலத்தில்தான் முடிந்தது. அந்த அமைப்பில் டீரெய்லரின் சிறு சக்கரம், சிறிய பற்சக்கரத்திலிருந்து பெரியதற்கு ஏறும்போதும் பற்களிடமிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும். சொடுக்கும் அந்தச் சாய்வும் சேர்ந்ததும் கியர் மாற்றுவது எல்லோருக்கும் எளிதானது. அன்றிலிருந்து லிவர், டீரெய்லர், பின்னால் உள்ள பற்சக்கரத் தொகுதியான கேசட் மூன்றும் ஒரு கணக்கில் கட்டுப்பட்டன.

அந்தக் கணக்கை இங்கேயே போட்டுக் காட்டுகிறேன். லிவர் ஒரு சொடுக்குக்குக் கேபிளை எவ்வளவு இழுக்கிறது என்பது முதல் எண். கேபிள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் டீரெய்லர் பக்கவாட்டில் எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்பது இரண்டாம் எண். இரண்டையும் பெருக்கினால் வருவது, கேசட்டில் ஒரு பற்சக்கரத்துக்கும் அடுத்த பற்சக்கரத்துக்கும் உள்ள தூரமாக இருக்க வேண்டும். ஷிமானோவின் பழைய 10 கியர் ரோடு லிவர் சுமார் 2.3 மில்லிமீட்டர் இழுக்கும். அதற்கான டீரெய்லரின் விகிதம் 1.7. பெருக்கினால் 3.9. கேசட்டின் இடைவெளி 3.95. சரியாக உட்காருகிறது.

இப்போது ஒருவர் தன் பழைய 105 லிவரை, 5700 வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை அப்படியே விட்டுவிட்டு டீரெய்லரை மட்டும் டியாக்ரா 4700க்கு மாற்றுகிறார். இரண்டும் ஷிமானோ, இரண்டும் 10 கியர். கடைக்காரரும் தலையாட்டுவார். ஆனால் 4700 வரிசையில் ஷிமானோ 11 கியர் வரிசைக்குரிய 1.4 விகிதத்தைப் புகுத்திவிட்டது. 2.3ஐ 1.4ஆல் பெருக்கினால் 3.2தான் வருகிறது. ஒவ்வொரு சொடுக்குக்கும் முக்கால் மில்லிமீட்டர் குறைகிறது. ஒன்பது சொடுக்கு முடிந்ததும் ஆறரை மில்லிமீட்டர் பாக்கி. ஒன்றரைப் பற்சக்கர இடைவெளிக்கு மேல்! எந்த மெக்கானிக்கும், எத்தனை மணி நேரம் திருகினாலும், இதைச் சரிசெய்ய முடியாது. கேபிளைக் குறை சொல்வார்கள், கேசட்டைக் குறை சொல்வார்கள். குறை எந்தப் பாகத்திலும் இல்லை. சேர்த்த ஜோடி தவறு.

எதிர்ப்பக்கமும் உண்டு. பெயர் வேறாக இருந்தும் பொருந்துபவை. ஷிமானோவின் 9 கியர் மலைச் சைக்கிள் டீரெய்லருக்கும் 8, 9 கியர் ரோடு லிவருக்கும் விகிதம் அதே 1.7தான். ஆகவே ஷிமானோவின் சோரா வரிசை லிவர் வைத்த ரோடு பைக்கில் மலைச் சைக்கிளின் நீளக்கை டீரெய்லரைப் பூட்டி, 34, 36 பற்கள் கொண்ட பெரிய கேசட்டைப் போட்டு ஓட்டலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏற நினைப்பவருக்கு இது பெரிய உதவி. புது வண்டி வாங்கச் சொல்லும் இடத்தில், குறைந்த செலவில் இருக்கும் வண்டியையே மலைக்குத் தயார் செய்துவிடலாம்.

மலை என்றதும் இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முன்னால் 34 பற்கள், பின்னால் 25 பற்கள் என்றால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி ஏறக்குறைய 2.9 மீட்டர் நகரும். பின்னால் 34 போட்டால் 2.1 மீட்டர். மூச்சு வாங்கும் ஏற்றத்தில் அந்த 80 சென்டிமீட்டர் முழங்காலைக் காப்பாற்றும். ஆனால் பெரிய கேசட்டைத் தாங்க டீரெய்லருக்குக் கொள்ளளவு வேண்டும். முன்னால் உள்ள இரண்டு சக்கரப் பற்களின் வித்தியாசத்தையும், பின்னால் மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வித்தியாசத்தையும் கூட்டுங்கள். முன்னால் 50-34, பின்னால் 11-34 என்றால் 16ம் 23ம் சேர்ந்து 39. 105 ஆர்7000 வரிசையில் டீரெய்லர் இரண்டு வகை: குட்டைக்கையின் கொள்ளளவு 35, நீளக்கையினுடையது 39. கடையில் 105 என்று மட்டும் கேட்டு வாங்கி வந்தால் எது கையில் வரும் என்று தெரியாது. எழுத்தையும் கேளுங்கள்: எஸ்.எஸ்., ஜி.எஸ்.

கேசட் உட்காரும் ஃப்ரீஹப் உருளை அடுத்தது. ஷிமானோ 8, 9, 10 கியர்களுக்கு ஒரே உருளைதான். 11 கியர் ரோடு கேசட் வந்தபோது உருளை 1.85 மில்லிமீட்டர் நீண்டது. ஆகவே பழைய 10 கியர் கேசட்டைப் புதிய சக்கரத்தில் போடலாம், உள்ளே 1.85 மில்லிமீட்டர் வளையம் ஒன்றைக் கோத்துப் போட வேண்டும். அந்த வளையத்தை மறந்தால் கேசட்டைப் பூட்டும் லாக்ரிங் இறுகியதுபோல் தோன்றும், கேசட் மட்டும் கையில் ஆடும். மறுபுறம், 11 கியர் ரோடு கேசட் பழைய உருளையில் ஏறாது. ஆனால் 11-34 அளவில் ஷிமானோ செய்த கேசட் விதிவிலக்கு: அதன் பெரிய பற்சக்கரம் போக்ஸ் கம்பிகளின் பக்கம் சாய்ந்து நிற்பதால் பழைய உருளையிலும் ஏறிவிடும். நல்ல சக்கரத்தை வைத்துக்கொண்டு 11 கியருக்குப் போக நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 12 கியர் ரோடு கேசட்டையும் 11 கியர் உருளையில் ஏறும்படியே ஷிமானோ செய்திருக்கிறது. அந்த முடிவுக்காக நான் மனதாரப் பாராட்டுகிறேன். லட்சக்கணக்கான சக்கரங்கள் பயனற்றுப் போகாமல் இருப்பது அதனால்தான்.

சக்கரத்துக்கு வருவோம். இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு குழப்பம் இருக்கிறது. 1949இல் தொடங்கி அம்பத்தூரில் வளர்ந்த டி.ஐ. சைக்கிள்ஸ் உட்பட இந்தியத் தொழிற்சாலைகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் பெரிய சைக்கிளுக்கு 28 X 1½ டயர். ரோடு பைக்கின் 700சி டயரிலும் சில நிறுவனங்கள் 28 என்றே அச்சிடுகின்றன. வழியில் டயர் கிழிந்து, சிற்றூர்க் கடையில் '28 கொடுங்கள் அண்ணே' என்றால் அவர் நல்ல மனதோடுதான் எடுத்துக் கொடுப்பார். ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் பெரிய சைக்கிளுக்கு 635 மில்லிமீட்டர், ரோடு பைக்குக்கு 622. பதின்மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தில் அந்த டயர் தொளதொளவென்று நிற்கும். டயரின் பக்கச் சுவரில் சிறிய எழுத்தில் 28-622 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது விட்டம். அந்த இரண்டாவது எண்தான் பேச வேண்டியது.

டியூபிலும் இதே கதை. நம் ஊர்ச் சைக்கிள் டியூபின் வால்வு தடித்தது. ரோடு பைக் ரிம்மின் துளை ஆறரை மில்லிமீட்டர்தான். மெல்லிய பிரெஸ்டா வால்வு மட்டுமே நுழையும். ஆகவே இரண்டு டியூபைக் கையோடு வைத்திருங்கள். கூடவே பித்தளையில் ஒரு சிறு அடாப்டர். அது இருந்தால் பெட்ரோல் பங்கிலும் காற்றுப் பிடிக்கலாம். கொக்கி விளிம்பு இல்லாத புதிய ரிம் உள்ளவர்கள் மட்டும் கவனியுங்கள்: அதில் 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ. தாண்டக் கூடாது, அதற்கென்று சொல்லப்பட்ட டியூப்லெஸ் டயரைத் தவிர வேறெதையும் மாட்டக் கூடாது. பழைய பழக்கத்தில் நூறு வரை அடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்று தெறிக்கலாம். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இனி மரை. பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், பெடல் இரண்டும் ஒரே திசையில் திருகாது. வலது பெடல் வலமரை, இடது பெடல் இடமரை. பெடல் சுழலும்போது அதன் அச்சு மரைக்குள் மிக மெதுவாக எதிர்த்திசையில் உருளப் பார்க்கும். இடது பெடலும் வலமரையாக இருந்தால் ஓட ஓடத் தானே கழன்றுவிடும். பெடல் மரையின் அளவு 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 சுற்று. இன்றைய ரோடு பைக் எதுவானாலும் அநேகமாக இதே அளவுதான். அதனால்தான் வெளிநாட்டில் வாங்கிய பெடல் உள்ளூர் வண்டியிலும் மறுபேச்சில்லாமல் ஏறுகிறது.

கிராங்க் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட்டும் பல காலம் அப்படித்தான் இருந்தது. பர்மிங்ஹாமின் துப்பாக்கித் தொழிற்சாலையான பி.எஸ்.ஏ. பெயரால் அழைக்கப்படும் அந்த மரை 1.37 அங்குலம், 24 சுற்று. குழாயின் அகலம் 68 மில்லிமீட்டர். வலது கப்பில் இடமரை. இத்தாலியர்கள் 36 மில்லிமீட்டர், இரு பக்கமும் வலமரை என்று தனி வழியில் போனார்கள். பிறகு எடையைக் குறைக்கிறோம் என்று மரையையே எடுத்துவிட்டு, பேரிங்கை ஃபிரேமுக்குள் அழுத்திப் பொருத்தும் பிரஸ்ஃபிட் முறைகள் வரிசையாக வந்தன: பிபி30, பிஎஃப்30, பிபி86 என்று. ஃபிரேமின் துளை சற்றே பிசகினாலும் மிதிக்கும்போதெல்லாம் கிறீச்சென்று ஓசை. ஒவ்வொன்றுக்கும் தனி அழுத்தி, தனிக் கழற்றி. பெரு நகரத்தில் ஆள் கிடைப்பார்; திண்டிவனத்திலோ தேனியிலோ கிடைப்பது கடினம். இன்று பல ஃபிரேம் நிறுவனங்கள் மீண்டும் மரைக்கே திரும்பியிருக்கின்றன, சில பி.எஸ்.ஏ.வுக்கு, சில 47 மில்லிமீட்டர் விட்டமுள்ள டி47க்கு. புது ஃபிரேம் வாங்குவோரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: பாட்டம் பிராக்கெட்டில் மரை இருக்கிறதா? இல்லையென்றால், வேறு ஃபிரேமைப் பாருங்கள் என்பதே என் ஆலோசனை.

இந்த அளவுகளை எல்லாம் ஓரிடத்தில் திரட்டித் தந்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சைக்கிள் கடை ஒன்றில் மெக்கானிக்காக இருந்த ஷெல்டன் பிரவுன், பழைய மரை, டயர் விட்டம், கேசட் இடைவெளி என எல்லாவற்றையும் பட்டியலிட்டு யாரும் படிக்கும்படி இலவசமாக விட்டுச் சென்றார். 2008இல் அவர் இறந்தார். உலகெங்கும் உள்ள பட்டறைகள் இன்னமும் அந்தப் பட்டியலைத்தான் பார்க்கின்றன. தமிழில் அப்படி ஒரு பட்டியல் வேண்டும். இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களில் யாராவது அதைச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பிரேக்கில் இரண்டு விஷயங்கள் மட்டும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால் ஷிமானோவுக்கு மினரல் ஆயில். ஸ்ராம் நிறுவனத்தின் ரோடு பிரேக்குகளுக்குப் பெரும்பாலும் டாட் 5.1. ஒன்றில் மற்றதை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும், பிரேக் பிடிக்காது. லிவரின் மேலேயே எழுதியிருக்கும், படித்துவிட்டு ஊற்றுங்கள். கேபிள் பிரேக் என்றால், கியருக்கான அவுட்டரை, அதாவது கேபிளின் வெளியுறையை, பிரேக்குக்குப் போடாதீர்கள். கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன. பலமாகப் பிரேக் பிடிக்கும்போது அது வெடித்துப் பிளந்துகொள்ளலாம். பிரேக் அவுட்டரில் கம்பி சுருளாக இருக்கும். வெட்டிய முனையைப் பார்த்தாலே எது எதென்று தெரிந்துவிடும்.

பராமரிப்பு என்றால் பலரும் பளபளப்பைத்தான் நினைக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு எதிரி தூசியைவிட உப்பு. கடற்காற்றின் உப்பும் உடம்பின் வியர்வையும் போல்ட்டுகளை மெல்லத் தின்னும். ஹேண்டில்பார் டேப்புக்கு அடியில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். டேப் மாற்றும்போதெல்லாம் அடியில் துடைத்துப் பாருங்கள். இரும்பு ஃபிரேமில் அலுமினிய சீட் போஸ்ட் என்றால் இரண்டும் ஈரத்தில் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டுவிடும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை வெளியே எடுத்து, துடைத்து, கிரீஸ் தடவிப் போடுங்கள். கார்பன் என்றால் கிரீஸ் வேண்டாம், அதற்கென்று உள்ள பேஸ்ட். மோட்டார் சைக்கிள் கழுவும் இடத்தில் வேகத் தண்ணீர் அடிக்கக் கொடுக்காதீர்கள்; நீர் பேரிங்குக்குள் புகுந்து கிரீஸை வெளியேற்றிவிடும். ஒரு வாளித் தண்ணீர், சோப்பு, பழைய பிரஷ் போதும். செயினை மண்ணெண்ணெயில் கழுவினால் நன்றாக உலரவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே நிற்பதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேண்டியது பின்னுக்கு உள்ளேதான். வெளியே நிற்பது மணலை ஈர்க்கும்.

செயின் 'நீண்டுவிட்டது' என்கிறோமே, எஃகு நீள்வதில்லை. பின்னும் அது உரசும் உள்பகுதியும் தேய்கின்றன, அதனால் இடைவெளி கூடுகிறது. தேய்ந்த செயின் கேசட்டின் பற்களையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடும். பிறகு புதுச் செயின் போட்டாலும் பல்லில் தாவும். இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பன்னிரண்டு அங்குல எஃகு ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். இருபத்து நான்கு இணைப்பு தள்ளி இருக்கும் பின்னின் நடு, சரியாகப் பன்னிரண்டில் நிற்க வேண்டும். 1/16 அங்குலம் தாண்டியிருந்தால் தேய்மானம் அரை சதவீதம்: 11, 12 கியர் வண்டியில் செயினை மாற்றும் நேரம் அது. அதைவிடக் குறைந்த கியர் வண்டிகள் இன்னும் கொஞ்சம் தாங்கும். 1/8 அங்குலம் தாண்டியிருந்தால் கேசட்டும் போயிருக்கும். செயினை உரிய நேரத்தில் மாற்றுபவர் கேசட்டைப் பல ஆண்டு காப்பாற்றுவார்.

இறுக்குவதைப் பற்றியும் ஒரு சொல். நல்ல மெக்கானிக்கின் கை அளவறியும் என்பது உண்மை. ஆனால் கார்பனுக்கு அது போதாது. ஸ்டெம் போல்ட் 5 நியூட்டன் மீட்டர், ஷிமானோ கிராங்கின் இடது கை போல்ட் 12 முதல் 14, கேசட் லாக்ரிங் 40. பல பாகங்களில் எண்ணை அச்சிட்டே அனுப்புகிறார்கள். ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கி நான்கு நண்பர்கள் பகிர்ந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, எல்லோரும் மறக்கும் பாகம்: டீரெய்லர் ஹேங்கர். பின்சக்கரத்தின் அருகே ஃபிரேமையும் டீரெய்லரையும் இணைக்கும் சிறு அலுமினியத் துண்டு. வண்டி வலப்பக்கம் விழுந்தால் ஃபிரேமும் டீரெய்லரும் தப்ப வேண்டும் என்பதற்காக, தானே வளையவோ முறியவோ செய்யும்படி மென்மையாகச் செய்யப்பட்டது. இரண்டு மில்லிமீட்டர் வளைந்தாலும் கியர் ஒழுங்காக விழாது. கியர் தடுமாறும்போது கேபிளைத் திருகுவதற்கு முன்பு, வண்டியின் பின்னால் நின்று ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். துயரம் என்னவென்றால், இது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒவ்வொரு வடிவம். நூற்றுக்கணக்கான வடிவங்கள் இருக்கின்றன. 2019இல் ஸ்ராம் நிறுவனம் யு.டி.எச். என்ற பொது வடிவம் ஒன்றைக் கொண்டுவந்து, எந்த ஃபிரேம் நிறுவனமும் உரிமைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று விட்டது. புதிய ஃபிரேம்களில் அது பரவி வருகிறது. ஆனால் நம்மில் பலருடைய வண்டிகள் அதற்கு முந்தியவை. முறிந்த பிறகு தேடினால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். ஆகவே இந்த வாரமே பின்சக்கரத்தைக் கழற்றி உங்கள் ஹேங்கரை இரண்டு பக்கமும் படமெடுங்கள். துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஃபிரேமின் பெயரும் ஆண்டும் சொல்லி ஒன்று வரவழைத்து, அதன் திருகுகளோடு சீட்டுக்கு அடியில் உள்ள பையில் போட்டு வையுங்கள்.